பட்டைத் தொட்டியும் பாவக் கணக்கும்

குரோம் பதனிடல் வருவதற்கு முன் ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஷாப்புகளில் ஆவாரம்பட்டைதான் தோலைப் பதப்படுத்தியது. சுண்ணாம்பில் போட்டு முடி நீக்கிய தோலைப் பட்டைத் தொட்டியில் ஊறவைத்தால், பட்டையிலுள்ள டானின் தோலின் கொலாஜன் என்ற புரத இழைகளைப் பிடித்துக்கொள்ளும். அழுகவேண்டிய தோல் பழுப்பேறிக் காலத்துக்கும் நிற்கும். ஏறத்தாழ இதே வேலை சிலரது உடம்புக்குள் உயிரோடிருக்கும்போதே நடக்கிறது. பருப்பிலும் முட்டையிலும் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் படிப்படியாக உடைந்து செலவாக வேண்டும். நடுவில் ஒரு நொதி வேலை செய்யாவிட்டால் ஹோமோஜென்டிசிக் அமிலம் தேங்கும். பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். குழந்தையின் ஈரத்துணி காற்றுப் பட்டுக் கறுப்பதைத் தாய்தான் முதலில் பார்ப்பாள். மிச்சம் குருத்தெலும்பின் கொலாஜனில் கருமையாகப் படியும். தோலை உறுதியாக்குகிற அதே பிடிப்பு மூட்டை நொறுங்கவைக்கும். முப்பது, நாற்பது வயதில் முதுகும் முழங்காலும் வலிக்கத் தொடங்கும். நோயின் பெயர் அல்காப்டோனூரியா.

பிறவியிலேயே வருவதால் "யார் செய்த பாவம்?" என்ற கேள்வி கூடவே வந்துவிடுகிறது. யோவான் நற்செய்தியில் பிறவிக்குருடனைக் காட்டிச் சீடர்கள் கேட்டதும் இதையேதான். அவனுமல்ல, பெற்றோருமல்ல என்று இயேசு மறுத்தார். வினைக்கொள்கையாளர் சுலபமாக விடமாட்டார்: "முன்வினை மரபணு வழியாக வேலை செய்கிறது, அவ்வளவுதான்" என்பார். ஆனால் தமிழ்நாட்டில் ஓரிடத்தில் குடியமர்ந்த நரிக்குறவர்களில் 41 பேரைப் பரிசோதித்து 2014-இல் வெளியான ஆய்வில் 16 பேருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் 11 பேரிடம் ஒரே மரபணுப் பிழை, தாய்வழி, தகப்பன்வழி இரண்டு பிரதியிலும். எப்போதோ ஒரு மூதாதையிடம் நேர்ந்த பிழை, தங்களுக்குள்ளேயே மணமுடிக்கும் சிறு கூட்டத்தில் சுற்றிவந்திருக்கிறது. இதைத் தனித்தனி ஆட்களின் முன்வினை என்றால், பாவிகளெல்லாம் ஒரே கூட்டத்தில் வந்து பிறந்தார்கள் என்றாகும். ஒரு சமூகத்தையே இழிபிறப்பு என்று ஒதுக்கியவர்கள் சொன்னதும் இதைத்தானே?

அப்படியானால் சொந்தத்தில் மணம் செய்துவைத்தவர்கள் குற்றவாளிகளா? நெருங்கிய உறவில் மணந்தோரின் பிள்ளைகளிடம் இந்நோய் அதிகம் என்பதை 1902-லேயே மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரோட் எழுதினார். ஆனால் ஒரு பிழைப்பிரதி மட்டும் உள்ள தாய்க்கும் தகப்பனுக்கும் எந்த நோவும் கிடையாது. தங்களிடம் அது இருப்பதே தெரியாது. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தெரிந்தபின் யோசிப்பது பொறுப்பு. தெரியாமல் நடந்ததைக் குற்றமாக்குவது அநியாயம்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: விதி என்பதற்கு மரபணு என்று பெயர் மாற்றிவிட்டீர்கள், வேறென்ன? பெயர் மட்டும் மாறவில்லை. 1934-இல் நார்வேயில் மருத்துவர் ஃபோலிங் கண்டறிந்த ஃபீனைல்கீட்டோனூரியாவும் அமினோ அமிலக் கோளாறுதான். பிறந்த சில வாரங்களுக்குள் ஃபீனைல்அலனைன் என்ற அமினோ அமிலம் குறைந்த உணவு தொடங்கினால் மூளை பாதிப்பிலிருந்து தப்பிக்கிறது. மரபணு அப்படியேதான் இருக்கிறது, முடிவு மாறுகிறது. அல்காப்டோனூரியாவுக்கும் நிட்டிசினோன் என்ற மருந்தை 2020-இல் ஐரோப்பா அனுமதித்தது. அது ஒரு படி முன்னாலேயே வழியை அடைத்து, ஹோமோஜென்டிசிக் அமிலம் உருவாவதைக் குறைக்கிறது. பதிலுக்கு டைரோசின் ஏறும், கண் உறுத்தலாம். புரதத்தை அளந்து சாப்பிட்டு, ரத்தத்தைச் சோதித்தபடி இருக்க வேண்டும்.