அடிபட்ட காசு

பழைய காசு சேர்ப்பவர்கள் ஒரு தினுசான மனிதர்கள். கீறல் விழாத புத்தம் புதிய நாணயத்துக்கு அதிக விலை கொடுக்கிறார்கள்; அது நியாயம். அதைவிட அதிகமாக, நாணயச்சாலையிலேயே கோணலாகப் பிறந்துவிட்ட காசுக்குக் கொடுக்கிறார்கள். ஒழுங்காகப் பிறந்து, ஊரெல்லாம் சுற்றி, நூறு கைகளில் அடிபட்டு நெளிந்து வந்த காசை மட்டும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பிறவிக் குறைக்குப் பவுன் விலை. பட்ட காயத்துக்குப் பழைய பித்தளை விலை!

இரண்டையும் இனம் காண்பது எப்படி என்று விசாரித்தால் விஷயம் சுவாரஸ்யமாகிறது. பிறை வடிவில் ஓரம் குறைந்த ஒரு காசை எடுத்துக்கொள்வோம். தகட்டிலிருந்து வில்லைகளை வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டுளி மறுபடி விழுந்தால் இப்படி ஒரு குறை வில்லை பிறக்கும். பிறகு அதை உருட்டி நெருக்கி விளிம்பு எழுப்புவார்கள். குறைந்த பக்கத்தில் பிடிமானம் இல்லாததால் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் அழுத்தம் சரியாக விழாது. அங்கே விளிம்பு மங்கிப் போகும். ஆகவே விவரம் தெரிந்தவர் குறைந்த இடத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. காசைத் திருப்பி எதிர்ப்பக்கத்தைப் பார்க்கிறார். அங்கே விளிம்பு முழுசாக நின்றால், யாரோ பின்னால் கத்தரித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கிறார்.

இன்னொரு வகை உண்டு. முன்பு அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டால், அடுத்த வில்லையின் ஒரு பக்கத்தில் ராஜாவின் தலை ஒழுங்காகவும், மறுபக்கத்தில் அதே தலை குழியாக, இடம் வலம் மாறியும் விழும். இதற்கு நல்ல கிராக்கி. அதனால் இரண்டு காசுகளை வைஸில் வைத்து நெருக்கி, இந்த அதிசயத்தை வீட்டிலேயே உண்டாக்குகிற கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குழித் தலைக்கு அடியில் பழைய எழுத்துகள் நசுங்கிக் கிடந்து காட்டிக் கொடுத்துவிடும். பிறவிப் பிழை காசின் உடம்பு முழுவதோடும் ஒத்துப் போகிறது. காயமோ மேலே மட்டும் உட்கார்ந்திருக்கிறது. விலக்கிப் பார்த்தால், அடியில் சரியாகப் பிறந்த ஒரு காசு தெரியும்.

பார்க்கப் போனால் பிழை என்ற எண்ணமே எங்கள் நாஞ்சில் நாட்டுக்குப் புதிதுதான். திருவிதாங்கூர் ராஜ்ய காலத்து வெள்ளிச் சக்கரம் அத்தனை பொடிக் காசு. எண்ணுவதற்கென்றே வரிசை வரிசையாகக் குழி வெட்டிய பலகை வைத்திருந்தார்கள். ஒரு கை அள்ளிப் போட்டு ஆட்டினால் குழிக்கு ஒன்றாக விழும், மிச்சத்தை வழித்துவிட வேண்டியதுதான். கையால் அடித்த அந்தப் பழைய சக்கரங்களில் முத்திரை நடுவில் விழுந்ததை விட ஓரம் தள்ளி விழுந்ததே அதிகம். அதைப் பிழை என்று யாரும் சொல்லவில்லை. இயந்திரம் வந்து எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிய பிறகுதான் மாறிப் பிறந்தது கண்ணில் பட்டது.

கீரிப்பாறையில் பால்வெட்டும் இளைஞர் ஒருவர் என்னிடம் ஒரு காசைக் காட்டினார். அந்த மலையடிவாரத்து அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை செய்கிற குடும்பங்களில் பல, 1964-ஆம் வருஷத்து சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தை ஒட்டி இலங்கையிலிருந்து திரும்பி வந்தவை. அவர் காட்டியதும் இலங்கைக் காசுதான்: 1943-ஆம் வருஷத்து ஒரு சதம். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலைக்கு மேலே ஓர் ஓட்டை. டெலிபோனில் பேசிய யாரோ, "இது நாணயச்சாலைப் பிழை, மூன்று லட்சம் போகும், முதலில் பதிவுக் கட்டணம் 2,000 ரூபாய் அனுப்பு" என்று சொல்லியிருக்கிறான். இந்த மாதிரிப் பேர்வழிகளை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. அறிக்கைகள் எங்கே மலை ஏறுகின்றன?

"அண்ணே, ஓட்டக் காலணா இருந்துச்சுல்ல, அது மாதிரி இதுவும் சர்க்காரு போட்ட ஓட்டதானே?" என்றார்.

கேள்வி புத்திசாலித்தனமானது. அதே 1943-இல்தான் யுத்த காலச் செம்புத் தட்டுப்பாட்டில் இந்திய சர்க்கார் நடுவில் ஓட்டை போட்ட காலணாவை வெளியிட்டது. ஆனால் அதில் எழுத்துகள் ஓட்டைக்கு இடம் விட்டு, சுற்றி உட்கார்ந்திருக்கும். இவர் காசிலோ ஓட்டை எழுத்தையே தள்ளிக்கொண்டு போயிருந்தது. பின்பக்கம் உலோகம் உதடு மாதிரிப் பிதுங்கியிருந்தது.

திண்ணையில் இருந்த அவருடைய பாட்டி சொன்னாள்: "ஆணி வச்சு நாந்தான் அடிச்சேன். லயத்துல இருக்கையில இவங்கப்பனுக்கு ஓயாம சீக்கு. கயித்துல கோத்து அரையில கட்டினேன்."

"அப்ப இதுக்கு விலையே இல்லியா அண்ணே?"

"இல்லை தம்பி. பணம் எதுவும் அனுப்பாதீங்க."

விலைமதிப்பற்ற பொருள் என்று ஏதாவது அழகாகச் சொல்லியிருக்கலாம். கூரை ஒழுகுகிற வீட்டு வாசலில் நின்றுகொண்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் காசை மறுபடி காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டார். சட்டமும் அந்தச் சந்தைக்கு அனுகூலமாகத்தான் பேசுகிறது: 2011-ஆம் வருஷத்து நாணயச் சட்டப்படி, உருச் சிதைந்த நாணயம் செல்லுபடி ஆகாது. ஏன் சிதைந்தது என்று சட்டம் கேட்பதில்லை.

கதை எழுதுகிறவனுக்கு இந்த 'ஏன்' இல்லாமல் பிழைப்பு இல்லை. ஒருவனைக் கெட்டவனாக எழுதினால் வாசகர்கள் கடிதம் போட்டுக் கேட்கிறார்கள்: அவன் பிறவியிலேயே அப்படியா, வாழ்க்கை அப்படி ஆக்கிற்றா? ஊரில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. "அவன் பிறவிக் கஞ்சன்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். சிறு வயதில் மூன்று வருஷம் ஒருவேளைக் கஞ்சியோடு படுத்தவன் அவன் என்பது, விலக்கிப் பார்த்தால் அடியில் தெரியும். அதனால் அவனிடம் கூலி பாக்கி உள்ளவனுக்குக் கூலி வந்துவிடாது என்பதும் நிஜம்தான். ஆனாலும் பிறவி என்று சொன்ன மாத்திரத்தில் விசாரணை முடிந்துவிடுகிறது. அது எனக்குச் சம்மதமில்லை.

இதைவிட எனக்கு எரிச்சல் தருபவர்கள், வைஸில் நெருக்கிய காசுகள். "என் சுபாவமே அப்படி; எனக்குப் பிறவியிலேயே முன்கோபம்" என்று கொஞ்சம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறவர்களைச் சொல்கிறேன். எங்கள் எழுத்து ஜாதியில் இவர்கள் அதிகம்; கலைஞன் என்றால் அப்படித்தான் என்று உலகமும் பிழைக் காசுக்குரிய விலையைக் கொடுத்துவிடுகிறது. என் உறவினர் ஒருவர் இந்த ரகம். சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் தட்டு பறக்கும். வீட்டில் முப்பது வருஷமாக, "அவர் பிறவிக் குணம், என்ன செய்வது?" என்று அவர் மனைவி தட்டைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் பட்டா விஷயமாக அவரோடு தாலுகா ஆபீசுக்குப் போகும்படி ஆயிற்று. காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை காத்திருந்தோம். கடைசியில் அதிகாரி, காகிதத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நாளைக்கு வாரும்" என்றார். நான் உறவினரின் முகத்தைப் பார்த்தேன். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "ஆகட்டும் சார், சௌகரியம் போல வாறேன் சார்" என்றார். குரலில் ஒரு சிறு பிசிறுகூட இல்லை.