அடிபட்ட உயிருக்கு அருகே...

நாய் கடித்துக் குதறிய கோழியைப் பார்த்ததும், 'எப்படியும் குழம்புக்குப் போவதுதானே... அறுத்துவிடு!' என்று சொல்பவர்கள் உண்டு. இது நியாயம்தானா?

விளாத்திகுளம் அருகே உள்ள புதூர் போன்ற கரிசல் ஊர்களில், காயத்தை உப்புத் தண்ணீரால் கழுவி, மஞ்சள் தடவி, கோழியைப் பஞ்சாரத்தில் தனியே கவிழ்த்து வைக்கும் பெண்களும் இருக்கிறார்கள். தனியே ஏன்? ரத்தத்தைக் கண்டால் மற்ற கோழிகளே கொத்திவிடும்! நாய்ப் பல் பட்ட காயம் உள்ளே சீழ் பிடிக்கும் என்பதால், கால்நடை மருந்தகத்துக்கும் தூக்கிச் செல்வார்கள்.

நாளை சாகப்போகும் உயிருக்கு இன்று மருந்து எதற்கு? கோவில்பட்டியை அடுத்த கழுகுமலை பதில் சொல்கிறது. ஜடாயுவின் அண்ணன் சம்பாதி, முருகப்பெருமானை வழிபட்டதாகச் சொல்லப்படும் தலம் அது. சிறகு வெட்டுண்ட ஜடாயு பிழைக்கமாட்டார் என்பது ராமபிரானுக்குத் தெரியாதா? ஆனாலும் விலகிச் செல்லவில்லை. தந்தைக்குச் செய்வதுபோல் ஈமக்கடனும் செய்தார்.

நாளை என்ன நேரும் என்பது வேறு கணக்கு. வலி, இந்த நிமிடத்து உண்மை. அதைத் தணிப்பதே தர்மம்!

நாயின் மீதும் கோபம் வேண்டாம். அது பைரவரின் வாகனம். துரத்துவது அதன் இயல்பு. சேவலோ கந்தனின் கொடி. இரண்டுக்கும் நடுவே, கருணை காட்டும் கடமை மனிதர்களான நமக்கு மட்டுமே உண்டு!