ஏட்டுப் பெயரும் வீட்டுப் பெயரும்

ஒருவருடைய பெயர் அவருக்கு உரியதா, அதை ஏட்டில் எழுதியவருக்கு உரியதா? விந்தையான வினாவாகத் தோன்றலாம். ஆயினும், வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் தம் முன்னோரின் வழிமரபைத் தேடப் புகும் எவரும் இவ்வினாவைக் கடந்து போக இயலாது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்துப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளில் பாட்டனின் பெயர் ஒருவிதமாக இருக்கும். தந்தையின் பதிவில் அதே சொல் வேறு எழுத்துகளில் நிற்கும். ஆங்கில எழுத்துமுறையில் பழகிய பேரன் மூன்றாவதாக ஒன்றை எழுதுவான். புதுச்சேரி 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. அந்நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்யும் வாய்ப்பு மக்களுக்குத் தரப்பட்டது. அவ்வாறு தெரிவு செய்தோரின் வழிவந்தவர்களுக்கு ஓரெழுத்து வேறுபாடு வெறும் இலக்கணச் செய்தியன்று. இவருடைய பிள்ளைதான் இவர் என்று மெய்ப்பிக்க வேண்டிய சுமை.

இவ்வேறுபாடுகள் எல்லாம் எழுத்தனின் கவனக்குறைவால் விளைந்தவை அல்ல. உகர ஒலியைக் காட்ட ஆங்கிலேயர் பெரும்பாலும் ‘யூ’ என்னும் ஓரெழுத்தோடு நின்றுவிடுவர். பிரெஞ்சுக்காரர் ‘ஓ’, ‘யூ’ என இரண்டெழுத்துகளை அடுக்குவர். ஆகவே முத்து என்னும் சிறிய பெயர் பிரெஞ்சு ஏட்டில் நீண்டுவிடுகிறது. இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவே ஒற்றை ‘எஸ்’ வந்தால் பிரெஞ்சு நா அதை வேறு ஒலியாகப் படிக்கும். எனவே இராமசாமிக்கு ‘எஸ்’ இரட்டித்தது. நம் ழகரத்திற்கு அம்மொழியில் இடமே இல்லை. ஊர்ப்பெயர்களும் இதற்குத் தப்பவில்லை. வில்லியனூர் ‘வில்லெனூர்’ ஆயிற்று. ஒழுகரை ‘ஊல்கரே’ ஆயிற்று. ஆனால், பெயர் திரிவதற்கு அயலார் வந்துதான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. பாகூரில் கிடைத்த, ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கனின் செப்பேடு அவ்வூரை ‘வாகூர்’ என்கிறது. வகரம் பகரமாக மாறியது நம் நாவிலேயே.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பிள்ளை என்னும் பட்டத்தைப் பிரெஞ்சு ஏடுகள் ‘புல்லே’ என்று ஒலிக்குமாறு எழுதின. படித்தவர்கள் இதைக் கண்டு நகைப்பதுண்டு. ஆயினும் நம் வீடுகளில் வழங்கும் ‘புள்ளே’ என்னும் பேச்சொலிக்கு அது எவ்வளவு நெருங்கி நிற்கிறது! நாம் இலக்கண வடிவத்தை எழுதுகிறோம். அந்த எழுத்தனோ காதில் விழுந்ததை எழுதினான். பிழை என்று நாம் தள்ளும் எழுத்துகளுக்குள் ஒரு சிற்றூர் மனிதன் தன் பெயரைச் சொன்ன குரல் ஒளிந்திருக்கக் கூடும். எனவே பழைய ஏடுகளைக் கண்ணால் மட்டும் படித்தல் போதாது. வாய்விட்டுப் படித்துக் காதால் கேட்டல் வேண்டும்.

பெயரை மொழிவிட்டு மொழி கொண்டுசெல்ல இரு வழிகள் உண்டு: ஒன்று ஒலி, மற்றொன்று பொருள். நம் முன்னைய மறைபரப்பாளர்கள் பொருள்வழியைப் பெரிதும் விரும்பினர். யோவான் அருளப்பர் ஆனார். பவுல் சின்னப்பர் ஆனார். அருளப்பன் என்று திருமுழுக்குப் பெற்ற ஒருவர் பின்னர்ப் பிரெஞ்சு அலுவலகத்தில் அப்பெயரைச் சொன்னபோது, எழுத்தன் அதன் பொருளை அறியாமல் ஒலியை மட்டும் பதித்தான். அதனை ‘ழான்’ எனத் தன் மொழியில் எழுதியிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியிராது. ஒரே பெயர் கடல் கடந்து வந்து, மீண்டும் தன் வீட்டுக்குப் போனபோது அடையாளம் தெரியாமல் நின்றது.

இதுவரை சொன்னவை பிறர் எழுதிய பெயர்கள். தாமே தெரிந்துகொண்ட பெயர்களும் உள. 1881 செப்டம்பர் 21 ஆம் நாளின் ஆணை, பிரெஞ்சிந்திய மக்கள் தம் சாதி, சமய வழக்கங்களைச் சார்ந்த தனிச் சட்டநிலையைத் துறந்து, பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தின்கீழ் வர வழிசெய்தது. துறந்தவர் மீளவும் பழைய நிலைக்குத் திரும்ப முடியாது. வழிவழியாகத் தொடரும் ஒரு குடும்பப் பெயரையும் அவர் ஏற்கவேண்டும். தந்தை பெயரின் தலையெழுத்தோடு வாழ்ந்துவந்த மக்களுக்கு இது புதிது. வழக்குரைஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 1873இல் காலணி அணிந்து நீதிமன்றம் சென்றதற்காகத் தடுக்கப்பட்டவர். பாரிஸ் வரை முறையிட்டு வென்றவர். அவர் பின்னர் ‘லபோர்த்’ என்னும் குடும்பப் பெயரை ஏற்றார். பிரெஞ்சில் அதன் பொருள் ‘வாயில்’. பிள்ளை என்னும் பட்டம் அப்பெயரில் இல்லை.

இங்கேதான் வழிமரபு தேடுவோர்க்கு ஓர் அறச்சோதனை எழுகின்றது. “எங்கள் உண்மையான பெயரை மீட்கப் போகிறோம்” என்கிறோம். எது உண்மையான பெயர்? ஒருவர் தன் அறிவோடும் துணிவோடும் சாதிப் பட்டத்தை விட்டுவிட்டார் எனில், நூறாண்டு கழித்து அவர் பெயரோடு அதனை மீண்டும் ஒட்டவைப்பது மீட்பாகுமா? அவர் கையெழுத்தை அழிப்பதாகாதா? சிலர் தேடுவது பாட்டனை அல்ல, பட்டத்தை. அத்தகைய தேடலில் எழுத்துப்பிழை ஒரு சாக்காக மட்டுமே அமைகிறது. பெயர் மாற்றம் என்றாலே இழப்பு என்றும் கொள்ளலாகாது. ஆபிராம் ஆபிரகாம் ஆனதும், சீமோன் பேதுரு ஆனதும் ஒரு புது வாழ்வுக்கான அழைப்பு என்றே நாம் கொள்கிறோம் அன்றோ?

பிறர் சிதைத்த பெயரையும் ஒருவர் தமதாக்கிக்கொள்ள இயலும் என்பதற்குக் கடலுக்கு அப்பால் ஒரு சான்று உண்டு. 19 ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் பலர் ரெயூனியனுக்கும், மார்த்தினீக்குக்கும், குவாதலூப்புக்கும் சென்றனர். கப்பல் ஏறும்போது ஒருவருக்கு மட்டும் உரியதாக இருந்த பெயர், அத்தீவுகளில் குடும்பப் பெயராக உறைந்தது. குவாதலூப்பில் 1863இல் பிறந்த ஆன்றி சிதாம்பரோம் என்பவரின் பெயரில் நம் சிதம்பரம் இருக்கிறது. அங்குள்ள இந்திய வழியினருக்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் வேண்டி அவர் 1904இல் தொடங்கிய போராட்டம் 1923இல் வெற்றி கண்டது. அவ்வுரிமையை வென்ற பெயர் சிதாம்பரோம். அதனைத் திருத்திச் சிதம்பரம் என்று மட்டும் எழுதினால், மொழிக்கு நன்மை செய்ததாகலாம். அம்மனிதருக்கு நீதி செய்ததாகாது.

அப்படியாயின் நாம் செய்யத்தக்கது யாது? குடும்ப வரலாறு எழுதுவோர் ஏட்டில் உள்ளதை உள்ளவாறே முதலில் எழுதட்டும். அதன் அருகில் வீட்டில் வழங்கிய தமிழ் வடிவத்தை எழுதட்டும். யார், எந்த ஆண்டில், எந்த ஏட்டில் எழுதியது என்பதையும் குறிக்கட்டும். ஒன்றை அழித்து ஒன்றை எழுதவேண்டா. எழுத்தன் தவறக் கேட்டதையும் முன்னோர் தாமே தெரிந்துகொண்டதையும் வேறுபிரித்து அறியும் பொறுமை வேண்டும். முன்னது அவருக்கு நேர்ந்தது. பின்னது அவர் செய்தது. நேர்ந்ததை விளக்கலாம். செய்ததை மாற்ற நமக்கு உரிமையில்லை. இறந்தவர் எழுந்து வந்து தம் பெயருக்காக வாதாட மாட்டார். அதனால்தான் அப்பெயரை எழுதும் கைக்குக் கூடுதல் நேர்மை தேவைப்படுகிறது.