பெயரும் வாலும்

மனிதன் தன் முயற்சியின்றிப் பெறும் முதற் சொத்து அவனது பெயரே. இட்டவர் பிறர், சுமப்பவன் அவன், கூப்பிடுவோர் ஊரார். இத்தகைய சொத்தில் எதைக் காத்தல் வேண்டும், எதைக் களைதல் வேண்டும் என ஆராய்தல் வீண் வேலையன்று.

சின்னாட்களுக்கு முன் நாம் கோலாலம்பூர் சென்றிருந்தோம். 1863ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம் வணிகர் எழுப்பிய பள்ளிவாசலால் பெயர் பெற்ற மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில், மண அழைப்பிதழ் அச்சிடும் கடையொன்றில், தோட்டத்திலே பிறந்து நகரத்திலே உயர்ந்த இளைஞரொருவர் தம் அழைப்பிதழைத் திருத்திக்கொண்டிருந்தார். அவர் செய்த திருத்தங்கள் இரண்டு. தந்தையார் பெயரின் பின்னே, அப்பெரியவர் ஒருநாளும் போட்டறியாத ஜாதிப் பட்டத்தைச் சேர்த்தார். பாட்டனார் பெயராகிய குப்பன் என்பதை அடித்துவிட்டார். "சபையிலே சிரிப்பார்கள் ஐயா" என்று நம்மிடம் காரணமும் கூறினார்.

குப்பன் என்பது சிரிப்புக்குரியதா? முன் பிறந்த மக்கள் அடுத்தடுத்து மாய்ந்த வீட்டில், பின் பிறந்த குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, குப்பன் என்றோ குப்பம்மாள் என்றோ பெயரிடுதல் நம் முன்னோர் வழக்கம். வேண்டாத பொருளென்று எண்ணிக் கூற்றுவன் விட்டுப்போவான் என்பது அவர்தம் நம்பிக்கை. பிச்சை என்னும் பெயரும் அத்தகையதே. அது மூடநம்பிக்கையே, நாம் மறுக்கவில்லை. ஆயினும் மருந்தும் மருத்துவரும் எட்டாத குடிசையில், பிள்ளையைக் காக்க ஒரு தாயின் கையில் இருந்தது அந்தச் சொல் ஒன்றே. அதைக் கண்டு நகைப்பவன் தன் பாட்டியின் கண்ணீரைக் கண்டு நகைப்பவனாவான்.

பட்டத்தின் கதை வேறு. தன் பெயர், தந்தை பெயர் என்பதே நம்மவரிடையே பெருவழக்கு. இந்நாட்டு அடையாள அட்டையும் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என, இன்னார் மகன், இன்னார் மகள் என்றே குறிக்கின்றது. தென்னாப்பிரிக்காவிலோ, 1860 முதல் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குச் சென்ற நம்மவரின் வழியினர் பலர்க்குப் பிள்ளை, கவுண்டர் முதலிய பட்டங்களே குடும்பப் பெயராக உறைந்துவிட்டன. பூட்டப்படாத விலங்கை நாமே தேடி அணிவானேன்? 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு ஜாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே பெரியார் மலாயாவுக்கு வந்தார். அன்று பாட்டன் வெட்டிய வாலை இன்று பேரன் ஒட்டவைப்பது என்னே விந்தை!

"பழமையான குப்பனைப் போற்றுவீராயின், அதனினும் பழமையான பட்டத்தை வெறுப்பதேன்?" எனச் சிலர் வினவலாம். பழமைக்காக நாம் எதனையும் போற்றவில்லை. பெயர் ஒருவனை அருகே அழைப்பதற்கு. பட்டம் மற்றொருவனைத் தள்ளி நிறுத்துவதற்கு. பெயரை மாற்றுதலே குற்றமென்றும் நாம் சொல்லோம். சுவாமி வேதாசலம் 1916இல் மறைமலையடிகள் ஆனார். அது தமிழ்ப்பற்றால் விளைந்த மாற்றம், வெட்கத்தால் விளைந்ததன்று.

தோட்டத்துக் கிராணியாகிய நாம் பழைய செக்குரோல் ஏடுகளைப் புரட்டியதுண்டு. குப்பனும் பிச்சையும் முனியாண்டியும் அவற்றில் வரிவரியாய் நிற்கின்றனர். ஒரே ஆளின் பெயரை மாதத்துக்கொரு விதமாய் எழுத்துக்கூட்டிய பிழையும் அங்கே உண்டு. அது நம் போன்ற கிராணிகளின் பிழை. ஆனால் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவன் அவனே. பட்டத்துக்கென ஒரு காசேனும் எந்த வரியிலும் கூட்டப்பட்டதை நாம் காணவில்லை.

இவற்றையெல்லாம் அவ்விளைஞரிடம் கூறினோம். சிறிது நேரம் அவர் தாளையே நோக்கியிருந்தார். பின்பு, "தாத்தாவை நான்தான் கடைசியில் தூக்கினேன் ஐயா" என்று மெல்லச் சொல்லி, அடித்த பெயரை மீண்டும் எழுதினார். வால் மட்டும் இன்னும் அங்கேயே இருந்தது.

அன்பர்களே! உங்கள் வீட்டின் அடுத்த அழைப்பிதழில் பாட்டனார் பெயரைக் குன்றாமல் அச்சிடுங்கள். அதன் பின்னே ஒரு புள்ளி வைத்து நிறுத்துங்கள்.