அடுத்த கைக்கு

ஓய்வு பெற இன்னும் சில வாரங்கள். கல்லூரி அலமாரியைக் காலி செய்கிறேன். அடித்தட்டில் ஒரு கறுப்பு மார்க்கர் பேனா. மை எப்போதோ காய்ந்துவிட்டது. புஜ்ஜுக்குக் கொண்டுபோன பேனா.

✽

2001 ஜனவரி 26, குடியரசு தினக் காலை 8.46. கட்ச் மண் அதிர்ந்தது, அளவு 7.7. புஜ் நகரில் இடிந்தவற்றுள் அரசு மருத்துவமனையும் ஒன்று. திறந்த வெளியில் வைத்தியம் நடந்தது. சில நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தவர்களில் நானும் ஒருவன்.

✽

நசுங்கி மண் புகுந்த புண்ணை உடனே தைக்கக் கூடாது. செத்த சதையை வெட்டி, கழுவி, துணி வைத்துத் திறந்தே விட வேண்டும். நாலைந்து நாள் கழித்துச் சுத்தமாக இருந்தால் மூடலாம். ஆண்டுதோறும் வகுப்பில் நான் சொன்ன பாடம்தான். புஜ்ஜில் என் கையே தையல் ஊசியைத் தேடியது. மூடிய புண் மருத்துவனுக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்கு நோயாளி காலையே கொடுக்க நேரலாம். திறந்து விட்டேன். ஐந்தாம் நாள் அதைப் பார்க்கப்போவது யாரென்று தெரியாது.

✽

இடிபாட்டில் மணிக்கணக்காகச் சிக்கியவர் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார். கல்லைப் புரட்டிய பிறகு நிலைமை மாறலாம். நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியம் இரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்தும். மயோகுளோபின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால், முடிந்தால், கல்லைத் தூக்குமுன்பே சலைன் ஏற்ற வேண்டும்.

1941இல், இலண்டன் குண்டுவீச்சில் அப்படி நசுங்கிய நால்வரைப் பற்றி பைவாட்டர்ஸும் பீலும் எழுதினார்கள். 1988 ஆர்மீனிய நிலநடுக்கத்துக்குப் பல நாட்டார் டயாலிசிஸ் இயந்திரங்களோடு போனார்கள். நாலு படுக்கைகளின் குறிப்பு, 47 ஆண்டுகள் கை மாறி அங்கே வந்திருந்தது.

✽

சைபீரியாவின் குர்கானில் இலிசாரோவ் என்ற மருத்துவர் வளையங்களும் கம்பிகளும் கொண்டு முறிந்த எலும்பைப் பிடித்து நிறுத்தினார். ஒரு நோயாளி திருகை மாற்றித் திருப்பிவிட்டாராம். நெருங்க வேண்டிய எலும்புகள் விலகின. அந்த இடைவெளியில் புது எலும்பு வளர்ந்திருந்தது என்பார்கள். எலும்பை நீட்ட இன்று அதுவே முறை: நாளுக்கு 1 மில்லிமீட்டர், கால் கால் மில்லிமீட்டராக நாலு தடவை. திருகைத் திருப்புவது பெரும்பாலும் நோயாளியோ வீட்டாரோதான். அறுவை சிகிச்சை முடிந்து நாங்கள் கை கழுவிய பிறகு தொடங்கும் வைத்தியம் அது.

✽

பேரிடர் முகாமில் காகிதம் தொலைந்துபோகும். மாவுக்கட்டு ஆளோடே போகும். அதனால் கட்டின் மேலேயே எழுதுவோம்: அடிபட்ட நாள், கட்டுப் போட்ட நாள், உள்ளே புண் உண்டா, முறிவு எப்படி என்று ஒரு கோட்டுப்படம்.

புஜ்ஜில் ஒரு மூதாட்டி பேனாவைக் காட்டி ஏதோ கேட்டார். ஊர்ப் பெயரையும் எழுதச் சொல்கிறார் என்று பக்கத்திலிருந்தவர் இந்தியில் சொன்னார். எனக்குக் குஜராத்தி எழுதத் தெரியாது. பேனாவை அவரிடமே கொடுத்தேன், அவர் எழுதினார்.

சில வாரத்தில் யாரோ அந்தக் கட்டை ரம்பத்தால் அறுத்து வாளியில் போட்டிருப்பார்கள். அறுக்குமுன் படித்திருப்பார்கள்.