ஆள் இல்லாமல் தூக்கா?

1993 ஏப்ரல் 9 அன்று மாதேஸ்வரன் மலை அருகே பாலாற்றில் வெடித்த கண்ணிவெடி 22 உயிர்களைப் பறித்தது. அவ்வழக்கில் வீரப்பன் கூட்டாளிகள் நால்வருக்கு மைசூரு தடா நீதிமன்றம் விதித்த ஆயுள் தண்டனையை 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தூக்காக உயர்த்தியது. வீரப்பனோ அப்போதும் காட்டில் இருந்தார். அவ்வாண்டு அக்டோபரில் சுட்டுக் கொல்லப்படும்வரை கூண்டில் ஏறவேயில்லை. தலைமறைவானவரை அவர் இல்லாமலே விசாரிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 356ஆம் பிரிவு அதற்கு வழிசெய்கிறது. சாட்சிகள் சாவதற்குள் வழக்கு நடக்கும். பறிகொடுத்த குடும்பங்களுக்குத் தீர்ப்பாவது கிடைக்கும். இதுவரை நியாயமே. ஆனால் அப்பிரிவு மரண தண்டனையை விலக்கவில்லை. அதை ஏற்க முடியாது.

குற்றத்தை மட்டுமல்ல, குற்றவாளியையும் எடைபோட்ட பிறகே தூக்கு என்றது 1980ஆம் ஆண்டின் பச்சன் சிங் தீர்ப்பு. மனநல மதிப்பீடும் சிறை நடத்தை அறிக்கையும் வேண்டும் என்றது 2022ஆம் ஆண்டின் மனோஜ் தீர்ப்பு. கண்ணில் படாதவரை எந்த மருத்துவர் மதிப்பிடுவார்? கட்சிக்காரரைச் சந்தித்தே இராத, அரசு செலவில் அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் அவர் வளர்ந்த விதத்தைப் பற்றி என்ன சொல்வார்? ஓடியவர் தன் உரிமையைத் தானே கைவிட்டார் என்கிறது சட்டம். தன் உரிமையை அவர் கைவிடலாம். நீதிபதியின் கடமையை அவரால் தள்ளுபடி செய்ய முடியாது. அதோடு, எல்லோரும் ஓடியவர்கள்தாமா? இரண்டு பிடியாணை, ஒரு நாளிதழ் அறிவிப்பு, கடைசியாக வசித்த வீட்டில் ஒட்டிய தாள் ஆகியவை சட்டம் கேட்கும் அறிவிப்புகளில் முக்கியமானவை. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் கட்டட வேலை முடிந்து ராய்ச்சூருக்கோ தருமபுரிக்கோ போய்விட்ட தொழிலாளியை, பழைய வாடகை அறைக் கதவில் ஒட்டிய தாள் எப்படி எட்டும்? தீர்ப்பு வந்து 3 ஆண்டு கடந்தால் அவருக்கு மேல்முறையீடும் இல்லை. தூக்கை உறுதிசெய்யும் உயர் நீதிமன்றமும் அவர் குரலைக் கேட்காமலே கோப்பை மூடியிருக்கும்.

அப்படியானால் ஓடிப்போனவருக்குச் சலுகையா என்று கேட்பார்கள். சலுகை எதுவும் இல்லை. குற்றவாளி என்ற தீர்ப்பு நிற்கட்டும். தண்டனை குறித்த விசாரணை மட்டும் அவர் பிடிபடும்வரை காத்திருக்கட்டும். கையில் இல்லாதவரை எப்படியும் தூக்கிலிட முடியாது. மாறாக, முன்கூட்டியே விதித்த தூக்கு அவரைப் பிடித்துவரும் வழியையே அடைக்கும். மும்பைக் குண்டுவெடிப்பு வழக்கில் தேடப்பட்ட அபு சலேமை 2005இல் போர்ச்சுகல் ஒப்படைத்தது, மரண தண்டனை கிடையாது என இந்தியா உறுதி தந்த பிறகுதான். 356ஆம் பிரிவில் ஒரு துணைவிதி சேர்த்தாலே இதைச் சரிசெய்யலாம். நாடாளுமன்றம் அதை முதல் தூக்குத் தீர்ப்பு வருவதற்கு முன் செய்ய வேண்டும்.