உள்ளே இருக்கும் நடுக்கம்

கை நடுங்கினால் படம் கெட்டுவிடும். காமிராவைத் தொட்டுப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த செய்தி இது. அதனால்தான் விவரம் அறிந்தவர்கள் மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கால்களை அகல விரித்து, திருகுகளை இறுக்கி, காமிராவை அதன் தலையில் பூட்டிவிட்டால் கை நடுக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. விரல் பட்டால்கூட அசையுமே என்று அஞ்சுகிறவர்கள், நீண்ட கம்பியொன்றின் முனையிலுள்ள பொத்தானை அழுத்தி, காமிராவைத் தொடாமலே படம் எடுக்கிறார்கள்.

இவ்வளவு செய்த பிறகும் சில படங்கள் கூர்மையாக விழுவதில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் விளிம்புகளில் ஒரு மெல்லிய மங்கல் தெரிகிறது. ஒரு கோடு இரண்டு கோடாக மயங்குகிறது. காற்று அடிக்கவில்லை. தரை அதிரவில்லை. யாரும் தொடவும் இல்லை. பின்னே, ஆட்டியது யார்?

காமிராவேதான்!

கதை எழுதுகிறவனுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். மனிதர்களைப் பார்ப்பதும், பார்த்ததைப் பதிவு செய்வதும்தானே அவன் தொழில்? அதே தொழிலைச் செய்கிற ஒரு யந்திரம் தன்னைத்தானே எப்படி ஆட்டிக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ள அவனுக்கு ஆசை இருக்காதா?

ஒற்றை லென்ஸ் ரிப்ளெக்ஸ் என்று சொல்லப்படும் காமிராவில் லென்ஸ் ஒன்றுதான். படம் எடுப்பவர் பார்ப்பதும் அதன் வழியே. பிலிம் பார்ப்பதும் அதன் வழியே. ஒரே வாசலில் வரும் ஒளியை இருவருக்கும் பங்கிட வேண்டும். அதற்காக லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். வருகிற ஒளியை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புவது அதன் வேலை. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி துள்ளி மேலே போகிறது. பின்னாலிருக்கும் திரை விலகுகிறது. ஒளி பிலிமைச் சென்று சேர்கிறது. இத்தகைய காமிராவுக்கு இங்கிலாந்தில் தாமஸ் ஸட்டன் என்பவர் 1861-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். பழைய காமிராக்கள் பலவற்றில் மேலே போன கண்ணாடி அங்கேயே நின்றுவிடும். அடுத்த படத்துக்காகப் பிலிமைச் சுற்றும்வரை பார்ப்பவர் கண்ணுக்கு இருட்டுத்தான். ஜப்பானில் 1954-இல் வெளிவந்த அஸாஹிப்ளெக்ஸ் காமிரா ஒன்றில் கண்ணாடி உடனே தன் இடத்துக்குத் திரும்பிவிடும்படி செய்தார்கள். பின்னால் அதுவே எங்கும் வழக்கமாயிற்று. பிலிம் இருந்த இடத்தில் பிறகு மின்னணுத் தகடு வந்தது. கண்ணாடியின் துள்ளல் மட்டும் மாறவில்லை.

இந்த ஏற்பாட்டில் இரண்டு விந்தைகள் இருக்கின்றன. முதலாவது, படம் பதிவாகிற அந்தக் கணத்தில் படம் எடுப்பவர் எதையும் பார்ப்பதில்லை. பார்த்து முடித்த பிறகுதான் பதிவு. இரண்டாவது இன்னும் விந்தையானது. பொருளை நமக்குக் காட்டித் தந்த கண்ணாடியேதான் துள்ளிப் போய்த் தடுப்பில் மோதுகிறது. அந்த மோதலின் அதிர்வு காமிராவின் உடல் முழுவதும் பரவுகிறது. திரை விலகும்போது அந்த அதிர்வு இன்னும் அடங்கியிருப்பதில்லை. ஸ்டாண்டு என்ன செய்யும், பாவம்! வெளியிலிருந்து வரும் ஆட்டத்தைத் தடுக்கத்தான் அதற்குத் தெரியும். உள்ளே பிறந்த ஆட்டத்தை அது எப்படித் தடுக்கும்?

பரிகாரம் மிக எளிது. ஒரே வீச்சில் நடப்பதை இரண்டு காரியங்களாகப் பிரித்துவிடுவதுதான். முதல் அழுத்தலில் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கி நிறுத்திவிட வேண்டும். ஓரிரு விநாடி சும்மா இருக்க வேண்டும். அதிர்வு அடங்கிய பிறகு அடுத்த அழுத்தலில் திரையைத் திறக்க வேண்டும். ஸ்வீடனில் 1957-இல் வந்த ஹாஸல்பிளாட் 500சி காமிராவிலும், ஜப்பானில் 1959-இல் வந்த நிக்கான் எப் காமிராவிலும் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கிவைக்க வசதி இருந்தது.

அந்த ஓரிரு விநாடியைத்தான் நான் பலகாலமாக எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கிய அண்ணன் ஒருவர். அந்தத் தம்பி தம் பெயரைச் சொல்லி ஊரில் கடன் வாங்கியிருக்கிறான் என்று அவருக்குத் தெரிய வருகிறது. அவர் பதறுகிறவர் அல்லர். வழக்கம்போல் குளிக்கிறார், சாப்பிடுகிறார், வெற்றிலை போட்டுக்கொள்கிறார். அதன் பிறகே தம்பிக்குக் கடிதம் எழுத உட்காருகிறார். எழுத்து முத்து முத்தாக விழுகிறது. ஒரு வசைச் சொல் இல்லை. ஆனால் நான்காவது வரியில், “உன்னைப் படிக்கவைத்ததற்கு இதுதான் பலனா?” என்று ஒரு வாக்கியம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கடனுக்கும் அந்த வாக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்? அவன் செய்த தவற்றைப் பற்றி எழுதத் தொடங்கியவர், தமக்குப் பட்ட காயத்தைப் பற்றி எழுதிவிட்டார். கடன் ஆறு மாதத்தில் தீர்ந்துபோகலாம். அந்த வாக்கியம் தீருமா? தம்பியின் பெட்டிக்குள் அது வருஷக் கணக்காக மடித்து வைக்கப்பட்டிருக்கும்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இவர் பதறவில்லையே, பின் ஏன் சிதறியது? ஒழுக்கம், நிதானம், வயது என்ற மூன்று கால்களின் மேல் உறுதியாகத்தான் நின்றார். ஆட்டம் அந்தக் கால்களில் இல்லை. தவற்றைப் பார்த்த கண்ணிலேயே இருந்தது. அநியாயத்தை நமக்குக் காட்டித் தருகிற மனச்சாட்சி இருக்கிறதே, அதுதான் காட்டி முடித்த மறுகணம் துள்ளிப் போய் மோதுகிறது. கெட்டவனுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவன் கண்ணாடி அதிகம் எழும்புவதில்லை. நல்லவர்கள்தாம் இதில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். “எனக்குக் கோபம் இல்லை, நியாயத்தைத்தான் சொல்கிறேன்” என்று அவர்கள் மனமார நம்பும்போதே அவர்களுடைய தீர்ப்பின் விளிம்பு மங்கிப்போகிறது.

அப்படியானால் உணர்ச்சியே இல்லாமல் இருந்துவிடலாமா? கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டால் நடுக்கம் போய்விடுமே என்று கேட்பவர்கள் உண்டு. போய்விடும். ஆனால் எதைப் படம் எடுக்கிறோம் என்பதே அந்தக் காமிராவில் தெரியாது. ஆளை விட்டுவிட்டு, பக்கத்திலிருக்கும் தூணை வெகு கூர்மையாகப் படம் எடுத்து வைப்போம். சட்டத்தை மட்டும் பார்த்து மனிதனைப் பாராத அதிகாரிகள் சிலர் தரும் தீர்ப்புகள் அப்படிப்பட்டவைதாம். எழுத்தில் பிழை இராது, ஆள்தான் இருக்கமாட்டான். கண்ணாடி வேண்டும். அதில் நன்றாகப் பார்க்க வேண்டும். வலிக்க வலிக்கப் பார்க்க வேண்டும். பார்த்து முடித்ததும் அதை அப்புறப்படுத்தி, அடங்கவிட்டு, அதன் பிறகே செயல்பட வேண்டும். வரிசைதான் முக்கியம்.

இதற்கு எதிராகவும் ஒரு பழமொழி இருக்கிறது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி! எல்லாவற்றையும் ஆறப்போட முடியுமா? இந்தக் கேள்விக்கும் காமிராவிடம் பதில் உண்டு. ஒரு விநாடியில் 500-இல் ஒரு பங்கு நேரமே திரை திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்துக்குள் அதிர்வினால் படம் பெரும்பாலும் கெடுவதில்லை. ஓடுகிற குழந்தையை அப்படித்தான் எடுக்க வேண்டும். கண்ணாடியைத் தூக்கிவைத்துவிட்டுக் காத்திருந்தால் குழந்தை போயே போய்விடும். கிணற்றில் விழப்போகிறவனை எட்டிப் பிடிக்கிற கையும் அந்த ஜாதிதான். அங்கே யோசிப்பது பாவம்.

திரை பத்து விநாடி திறந்திருந்தாலும் தீமை குறைவு. தொடக்கத்து அதிர்வு அந்த நீண்ட நேரத்தில் ஒரு சிறு பங்காகக் கரைந்துவிடுகிறது. இடைப்பட்ட நேரந்தான் பொல்லாதது: ஏறத்தாழ ஒரு விநாடியில் 30-இல் ஒரு பங்கு முதல் ஒரு விநாடி வரை. தொலைநோக்கு லென்ஸ் வைத்துப் பிறைச் சந்திரனை எடுக்க முயன்றால் இது விளங்கும். பிறையின் ஒளி மங்கல். மிகச் சிறு நேரம் போதாது. நெடுநேரம் திறந்து வைக்கவும் வழியில்லை. பூமி சுழல்வதால் சுமார் இரண்டு நிமிஷத்தில் சந்திரன் தன் அகலம் முழுவதும் நகர்ந்துவிடுகிறது. ஆகவே அந்தப் பொல்லாத இடைவெளிக்குள்தான் நின்றாக வேண்டும். நம் வாழ்க்கையின் பெரும்பாலான தீர்மானங்களும் அந்த இடைவெளிக்குள்தான் அகப்படுகின்றன. கைநீட்டிக் காப்பாற்றும் அவசரமும் இல்லை. பல வருஷம் பொறுக்கும் அவகாசமும் இல்லை. இன்று மாலைக்குள் கடிதம் எழுதியாக வேண்டும்.

பல வருஷம் பொறுத்துச் சொல்லும் தீர்ப்பில் வேறொரு குறை உண்டு. பாரிஸ் நகரத்து அகன்ற வீதி ஒன்றை 1838-இல் லூயி தாகேர் படம் எடுத்தார். அந்த நாளில் ஒரு படம் பதிவாகப் பல நிமிஷம் ஆகும். வீதியில் போய்க்கொண்டிருந்த வண்டிகளும் மனிதர்களும் அதில் விழவே இல்லை. காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள ஓரிடத்தில் நின்ற ஒருவன் அதில் விழுந்தான். கட்டடங்கள் அத்தனையும் இருக்கின்றன, ஊர்தான் காலி! மிகவும் தாமதித்துச் சொல்லும் நியாயமும் இப்படித்தான். நடுக்கம் இராது. யாருக்காகச் சொல்கிறோமோ அவர்களும் இருக்கமாட்டார்கள்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதில் காமிரா செய்பவர்களுக்குள்ளேயே கருத்து வேற்றுமை உண்டு. கேனான் காமிராக்கள் பலவற்றில், தூக்கிய கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டு 30 விநாடி சும்மா இருந்தால் அது தானே கீழே இறங்கிவிடும், படம் கிடையாது. நிக்கான் காமிராக்கள் சிலவற்றில் அதே 30 விநாடி கழிந்ததும் காமிரா தானாகவே படம் எடுத்துவிடும். அடங்குவதற்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே காரியத்தைக் கைவிட்டுவிடுகிறவர்களும், தயங்கித் தயங்கி நின்று கடைசியில் காரியம் தானே நடந்து முடிவதைப் பார்க்கிறவர்களும் நம்மிடையே இல்லையா? இரண்டும் காத்திருத்தல் ஆகாது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு சங்கடம் மீதி நிற்கிறது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் நமக்கு எதுவும் தெரியாது. அதற்குள் மேகம் வந்து சந்திரனை மறைத்திருக்கலாம். அண்ணன் மனம் அடங்கக் காத்திருந்த நேரத்தில் தம்பி கடனைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். எவ்வளவு நிதானமான தீர்ப்பும் சற்று முன்பு பார்த்ததை நம்பி இருட்டில் சொல்லும் தீர்ப்புதான். நிதானம் நடுக்கத்தைப் போக்கும், இருட்டைப் போக்காது. ஆகவே கூர்மையான படம் கையில் இருக்கிறது என்பதற்காக, முழு உண்மையும் கையில் இருக்கிறது என்று எண்ணிவிடலாகாது. அடங்கிய மனத்தோடு தீர்ப்புச் சொல்பவனுக்கும் பணிவு வேண்டியிருப்பது இதனால்தான்.

2008-ஆம் ஆண்டிலிருந்து கண்ணாடியே இல்லாத காமிராக்கள் பெருகிவிட்டன. துள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. இனி நடுக்கமும் இல்லை என்று பலர் மகிழ்ந்தார்கள். சில காமிராக்களில் திரை ஓடுகிற அதிர்வே படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது பிறகு தெரியவந்தது. அதையும் தவிர்க்க, முதல் திரையை ஓடவிடாமல் மின்னணு முறையிலேயே பதிவைத் தொடங்கும் ஏற்பாடு செய்தார்கள். ஒரு நடுக்கத்தைக் களைந்தால் அதற்கு அடியிலிருந்த சின்ன நடுக்கம் தெரிகிறது. அது தெரிவதே முன்னேற்றந்தான்.

மனிதனுக்குள் அந்தக் கண்ணாடியைக் கழற்ற யாராலும் முடியாது, கழற்றவும் வேண்டாம். நாம் ஒருவரைப் பற்றி ஏதோ ஒரு முடிவுக்கு வந்து, கை நடுங்காமல், குரல் உயராமல் அதைச் சொல்ல வாயைத் திறக்கிறோம். அப்போது ஒரே ஒரு கேள்வி போதும்: ஸ்டாண்டு உறுதியாக இருக்கிறது, சரி, உள்ளே அடங்கிவிட்டதா?